அடங்காத நிரலும் வளரும் லாக் கோப்பும்

சேலம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். சேகோ ஆலைகளில் அரவைக் காலம் என்பதால், நான் பார்த்துக்கொள்ளும் எடைமேடைக் கணினியும் இரவு பகலாக ஓடுகிறது. கிழங்கு லாரி ஒவ்வொன்று ஏறி இறங்கும்போதும் அதன் நிரல், நடப்பதைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறது. ஆகவே, வளர்ந்துகொண்டே போகும் லாக்கை அடக்குவது எப்படி என்ற உன் கேள்வி எனக்கும் அன்றாடக் கவலைதான்.

கோப்பை அழித்த பின்னும் வட்டில் இடம் திரும்பவில்லை என்று எழுதியிருந்தாய். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில், கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளை நீக்குவது பெயரை மட்டுமே. நிரல் அக்கோப்பைத் திறந்து வைத்திருக்கும் வரை தரவு வட்டிலேயே கிடக்கும். வட்டின் மொத்த நிலையைக் காட்டும் டிஎஃப் கட்டளை நிரம்பிவிட்டதாகச் சொல்ல, பெயருள்ள கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ அதை மறுப்பது இதனால்தான். திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்சாஃப் கட்டளைக்கு +எல்1 கொடுத்தால், பெயரிழந்த கோப்பை வைத்திருக்கும் நிரல் எது என்று தெரிந்துவிடும். பெயரை மாற்றினாலும் பயனில்லை, ஏனெனில் நிரல் அதே கோப்பில்தான் தொடர்ந்து எழுதும். ஒழுங்கான சேவை நிரல்கள் சிக்ஹப் என்ற சிக்னல் (நிரலுக்கு அனுப்பும் அறிவிப்பு) கிடைத்ததும் லாக்கை மூடித் திறக்கும். அதைக் கையாளாத நிரலோ அங்கேயே நின்றுபோகும், ஆகவே வேலை நேரத்தில் சோதித்துப் பார்க்காதே.

பழைய லாக்கை ஒதுக்கிவைக்கும் லாக்ரொட்டேட் கருவியின் காப்பிட்ரங்கேட் வழி, கோப்பை நகலெடுத்துவிட்டு மூலத்தை அங்கேயே வெறுமையாக்குகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கணத்தில் எழுதப்படும் வரிகள் தொலைந்துபோகலாம். எடையில் தகராறு வந்தால் லாக்தான் சாட்சி என்பதால் எனக்கு இது உவப்பாக இல்லை. மேலும், நிரல் கோப்பைச் சேர்ப்பு முறையில், அதாவது எப்போதும் கோப்பின் முடிவிலேயே எழுதும் வகையில், திறந்திருக்கவேண்டும். இல்லையேல் அது பழைய இடத்திலிருந்தே எழுத, முன்பகுதி முழுவதும் சுழிய பைட்டுகளாகி, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை மீண்டும் பழைய பெரிய அளவையே காட்டும். நிரலைத் தொடங்கும் ஸ்கிரிப்டில் (கட்டளைத் தொகுப்பில்), வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும் ஒற்றை > குறி இருந்தால் >> என்று மாற்றினாலே இச்சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

வெளியீட்டைத் திரைக்கு அனுப்பும் நிரலானால், கோப்பையே அதன் கையில் கொடுக்காமல், ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொடுக்கும் பைப் வழியாக, லாக்கைத் தாமே பிரித்தெழுதும் மல்டிலாக் அல்லது அப்பாச்சி வலைச் சேவையகத்தின் ரொட்டேட்லாக்ஸுக்கு அனுப்பிவிடுவதே என் விருப்பம். கோப்பின் பெயர்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் நிரலுக்கு, கோப்பைப் போலப் பெயருள்ள பைப்பை உருவாக்கும் எம்கேஃபிஃபோ கட்டளை உண்டு. ஆனால் மறுமுனையில் படிக்கும் நிரல் தாமதித்தால், லினக்ஸில் வழக்கமாக 64 கிலோபைட் நிரம்பியதும் எழுதும் நிரல் அப்படியே காத்து நிற்கும். எடைமேடை முன் லாரிகள் வரிசை கட்டும் இடத்தில் அதை நான் துணியமாட்டேன்.

உன் நிரலைத் தொடங்கும் கட்டளை வரியை அப்படியே எழுதி அனுப்பு. எந்த வழி பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்