பழைய ஸ்கூட்டர்: முதலில் டேங்கைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற வெஸ்பாவை வீட்டிலேயே சீர்செய்யும் இளையர்கள் முதலில் பெயிண்டுக்கும் பளபளக்கும் சைலன்சருக்கும் செலவழிக்கிறார்கள். பெட்ரோல் டேங்கை யாரும் திறந்து பார்ப்பதில்லை. நம் சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் பாதி காலியான டேங்கின் உட்புறம் துருப்பிடிக்கும். அந்தத் துகள்கள், என்ஜினுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் கார்புரேட்டரின் ஜெட் என்ற நுண்துளையை அடைக்கும். இந்தப் பழைய ஸ்கூட்டர்களின் டூ ஸ்ட்ரோக் என்ஜினில் பெரும்பாலும் எண்ணெயைப் பெட்ரோலுடன் கலந்து ஊற்றுவதால், என்ஜினுக்குப் போகும் பெட்ரோல் குறையும்போது உராய்வைத் தணிக்கும் எண்ணெயும் குறைகிறது. சூடேறிய பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிடும். பிறகு செலவு பல மடங்கு.

டேங்கைக் கழற்றி, பெட்ரோலை முழுதாக வடித்து, டேங்கின் பெட்ரோல் குழாயையும் அகற்றுங்கள். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் சிட்ரிக் அமிலம் என்ற கணக்கில் கலந்து, விளிம்புவரை நிரப்பி ஓர் இரவு விடுங்கள். வாயு வெளியேற வேண்டும், மூடியை இறுக்காதீர்கள். பக்கத்தில் நெருப்பும் கூடாது. மறுநாள் சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, உடனே காற்றடித்து உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் அன்றே புதுத் துரு படியும். காய்ந்ததும் சிறிது டூ ஸ்ட்ரோக் எண்ணெயை ஊற்றிச் சுழற்றினால் போதும்.

வடித்த பெட்ரோலைத் தயவுசெய்து கால்வாயில் ஊற்றாதீர்கள், அது குற்றம். பெயிண்டைச் சுரண்டும்போது வண்டியின் உடலில் பொறித்த அடையாள எண்ணான சேசிஸ் எண் தேய்ந்துவிடாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். என்ஜினையோ சைலன்சரையோ மாற்ற நினைப்பவர்கள், பொருளை வாங்குவதற்கு முன்பே நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் படித்துவிட வேண்டும்.

வாசகர்,
சிராங்கூன் கார்டன்ஸ்