நடுப்புள்ளியில் 25

அன்புள்ள நண்பா,

உன் கடைசிக் கடிதம் வந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. "கிளஸ்டர் கட்டினாயா, இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறாயா?" என்று ஒரே ஒரு வரி கேட்டிருந்தாய். அதற்குப் பதில் போட இத்தனை நாள். மன்னித்துவிடு. பல கணினிகளை இணைத்து ஒரே கணக்கைப் பங்கிட்டுச் செய்ய வைக்கும் அந்த ஏற்பாட்டைக் கட்டிவிட்டேன், ஓடுகிறது. ஆனால் இன்று இரவே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்ததற்குக் காரணம் அதுவல்ல. கல்லூரியில் நம் கணக்குகளைக் குறித்துவைத்த நீல நோட்டு சம்பந்தப்பட்ட விஷயம். வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்காதே.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் பெஞ்சுக்காரனுக்கு இரண்டாவதும் பெண். உன்னிடம் சொல்லச் சொன்னான், சொல்லிவிட்டேன்.

இனி எந்திரங்கள். அலுவலகத்தில் கழித்துப் போட்ட எட்டு மேசைக் கணினிகள், ஒவ்வொன்றிலும் நான்கு கோர், அதாவது தனித்தனியாகக் கணக்கிடும் நான்கு செயலிப் பகுதிகள். அவற்றைக் கேபிளால் இணைக்க ஒரு கிகாபிட் சுவிட்ச். எல்லாவற்றிலும் லினக்ஸ். 1994-இல் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் நாசாவின் காடர்ட் மையத்தில் பியோவுல்ஃப் என்ற கிளஸ்டரைக் கட்டியது 16 சாதாரண 486 செயலிகளையும் ஈதர்நெட் என்ற சாதாரண வலைப்பின்னலையும் வைத்துத்தானே! அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் ஹார்க்ரோவும் ஹாஃப்மனும் பணம் கிடைக்காமல், பிறர் ஒதுக்கிய கணினிகளைப் பொறுக்கிச் சேர்த்துக் கிளஸ்டர் கட்டிய கதையை விடுதி மொட்டைமாடியில் நீதான் எனக்குச் சொன்னாய். அன்றிலிருந்து இது என் மனத்தில் கிடந்தது.

கட்டுவது எளிது. எட்டிலும் ஒரே பயனர், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையக் கடவுச்சொல் கேட்காத எஸ்எஸ்எச் சாவி, எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு பொதுக் கோப்புறை, நிரல்கள் தங்களுக்குள் செய்தி அனுப்ப உதவும் எம்பிஐ மென்பொருள், எல்லாவற்றிலும் ஒரே பதிப்பு. இரண்டு சனிக்கிழமைகளில் முடிந்தது. ஏழாவது எந்திரத்தில் மட்டும் எம்பிஐ பழைய பதிப்பாக இருந்து ஒரு மாலையைத் தின்றது. அவ்வளவுதான். உண்மையான வேலை அதற்குப் பிறகு தொடங்கியது.

முதலில் எதை ஓட்டுவது? யோசிக்கவே இல்லை. கல்லூரியில் நாம் அறிக்கை எழுதிய அந்த வெப்பத் தகட்டுக் கணக்கு. ஓரங்களில் அளந்த வெப்பநிலைகளைக் கொடுத்து, உள்ளே ஒவ்வொரு புள்ளியையும் அதன் நான்கு அண்டைப் புள்ளிகளின் சராசரியாக மாற்றிக்கொண்டே போகும் அதே ஜேக்கோபி நிரல். தகட்டை 32 பட்டைகளாக வெட்டி, கோருக்கு ஒன்றாகக் கொடுத்தேன். ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்துப் பட்டைக்காரர்கள் விளிம்பு வரிசைகளை மாற்றிக்கொள்ள வேண்டும். நாம் அன்று ஓட்டிய 400-க்கு 400 கட்டத்தில் அழகாக ஓடியது. 2000-க்கு 2000 கொடுத்தேன். அப்படியே நின்றுவிட்டது. பிழைச் செய்தி இல்லை, புகை இல்லை, 32 நிரல்களும் உயிரோடு இருக்கின்றன, ஒன்றும் நகரவில்லை.

இரண்டு இரவு தேடினேன். எல்லோரையும் முதலில் இரு பக்கமும் அனுப்பச் சொல்லி, பிறகு வாங்கச் சொல்லியிருந்தேன். 400 கட்டத்தில் ஒரு வரிசை 3,200 பைட். அத்தனை சிறிய செய்தியை எம்பிஐ தானே வாங்கி வைத்துக்கொண்டு, அனுப்பியவனைப் போக விட்டுவிடுகிறது. 2000 கட்டத்தில் அதுவே 16,000 பைட். இப்போது எதிராளி கை நீட்டினால்தான் கொடுக்கும். எல்லோரும் கொடுக்கக் காத்திருக்கிறார்கள், வாங்க ஒருவரும் இல்லை. அனுப்புவதையும் வாங்குவதையும் ஒரே அழைப்பில் சேர்த்ததும் சரியாயிற்று. சிறிய கட்டத்தில் ஓடியபோதும் அது தவறான நிரல்தான் என்பது என்னை உறுத்தியது. அந்த உறுத்தலை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

ஓடியது, ஆனால் ஆமை வேகம். நீ எந்த எண்ணை எடுத்துப் போடுவாய் என்று தெரியும். கணினி வடிவமைப்பாளர் அம்டால் 1967-இல் சொன்னது: வேலையில் 5 சதவீதம் பிரிக்க முடியாததாக இருந்தால் எத்தனை ஆயிரம் செயலிகளைக் கொட்டினாலும் 20 மடங்குக்கு மேல் வேகம் கிடைக்காது. நானோ வழக்கம்போல 1988-இன் குஸ்டாஃப்சன் பக்கம்: எந்திரம் பெரிதானால் மனிதன் கணக்கையும் பெரிதாக்குவான், பிரிக்க முடியாத பங்கு தேய்ந்துகொண்டே போகும் என்று 1024 செயலிகளை வைத்துக் காட்டினாரே, அவர் பக்கம். இரவு இரண்டு மணிவரை சண்டை போட்டிருக்கிறோம். இங்கே இருவருக்கும் வேலை இல்லை. குற்றவாளி ஒரு கேபிள்.

ஒவ்வொரு எந்திரமும் எவ்வளவு நேரம் கணக்கிடுகிறது, எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்று தனித்தனியாக அளந்தேன். எல்லோரும் ஆறாவது எந்திரத்துக்காகக் காத்திருந்தார்கள். அதன் இணைப்பு 1000 மெகாபிட்டுக்குப் பதிலாக 100-இல் ஓடியது. கிகாபிட்டுக்குக் கேபிளில் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100-க்கு இரண்டு போதும். எங்கோ ஒரு கம்பி அறுந்திருக்க வேண்டும். எந்திரமும் சுவிட்சும் சத்தமில்லாமல் தங்களுக்குள் பேசி, குறைந்த வேகத்தில் உடன்பட்டுவிட்டன. 16,000 பைட் செல்ல எட்டில் ஒரு பங்கு மில்லி விநாடி ஆக வேண்டிய இடத்தில் ஒன்றேகால் மில்லி விநாடி. ஒரே ஒரு கம்பி, எட்டு எந்திரங்களையும் தன் வேகத்துக்கு இறக்கிவிட்டது.

இதைக் கண்ணால் பார்த்த பிறகு இணைச் செயலாக்கம் பற்றிய என் எண்ணமே மாறிவிட்டது. கணக்கைப் பங்கிடுவது என்றே இத்தனை நாள் நினைத்தேன். இது காத்திருப்பைக் குறைக்கும் கலை. ஒரு சிறு செய்தி ஈதர்நெட்டில் போய்ச் சேர 50 மைக்ரோ விநாடி என்று வை. 3 கிகாஹெர்ட்ஸ் செயலி அதற்குள் 1,50,000 துடிப்புகளைக் கடந்துவிடும். அத்தனையும் வீண். ஆகவே எங்கெல்லாம் காத்திருக்கிறோம் என்று வேட்டையாடினேன். பட்டைகளை விட்டுவிட்டு 250-க்கு 500 என்ற செவ்வகங்களாக வெட்டினேன். ஒரு கோர் சுற்றுக்கு 4,000 எண்கள் அனுப்பியது, இப்போது அதிகபட்சம் 1,500. விளிம்பு எண்கள் வரும்வரை உட்புறத்தைக் கணக்கிடச் செய்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நேரம் இறங்குவதைப் பார்க்கும் சுகம் இருக்கிறதே, அது உனக்குத்தான் புரியும்.

மிச்சமிருந்தது ஒரே இடம். "நிறுத்தலாமா?" என்ற சோதனை. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், தகட்டில் எந்தப் புள்ளியாவது ஒரு டிகிரியில் லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் மாறியதா என்று 32 பேரிடமும் கேட்டு, மிகப் பெரிய மாற்றத்தை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். இது மட்டும் அண்டை வீட்டோடு முடியும் பேச்சல்ல. ஊரே கூட வேண்டும், கடைசி ஆள் வரும்வரை. இதை ஏன் சுற்றுதோறும் கேட்க வேண்டும்? 100 சுற்றுக்கு ஒரு முறை, 100 சுற்றுக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் போதாதா? மாற்றினேன்.

சுற்றுகள் வேகமாயின. விடை மாறிவிட்டது.

கடைசி இலக்கத்தில் என்றால் கவலைப்பட்டிருக்க மாட்டேன். தசமப் பின்னங்களை எந்த வரிசையில் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்துக் கணினியின் விடை பதின்மூன்றாம், பதினான்காம் இலக்கத்தில் அசையும். எந்திரங்களின் எண்ணிக்கையை மாற்றினாலே சராசரி வெப்பநிலையில் அது தெரியும். இது அப்படியல்ல. நடுப்புள்ளி எட்டு டிகிரி ஏறிவிட்டது.

கிளஸ்டரைத்தான் சந்தேகித்தேன். விளிம்பு மாற்றத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். பிறகு, விடை முன்பே தெரிந்த ஒரு தகட்டைக் கொடுத்தேன்: சதுரம், ஒரு ஓரம் 100 டிகிரி, மற்ற மூன்றும் 0. நடுவில் சரியாக 25 வர வேண்டும். சூடான ஓரத்தை நான்கு பக்கமும் சுழற்றி நான்கு விடைகளையும் கூட்டினால் எங்கும் 100-தான், நடுப்புள்ளிக்கு நான்கும் ஒன்றே, ஆகவே கால் பங்கு. பழைய சோதனையோடு 2000 கட்டத்தில் ஓட்டினேன். 13 லட்சம் சுற்றுகளில் நின்றது. நடுவில் 17-ஐக்கூடத் தொடவில்லை. புதிய சோதனையோடு 50 லட்சம் சுற்றுகள் ஓடி, 24.92 கொடுத்தது. பிறகு கிளஸ்டரை ஒதுக்கிவிட்டு, ஒற்றைக் கணினியில், நாம் அன்று எழுதிய நிரலை ஒரு வரிகூட மாற்றாமல் ஓட்டினேன். அதிலும் அதே 17.

எந்திரங்கள் நிரபராதிகள். தவறு நம்முடையது.

காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன், அரைப் பக்கம்கூட ஆகவில்லை. ஜேக்கோபியில் கட்டம் நுணுகினால் ஒரு சுற்றின் மாற்றம் மிகச் சிறிதாகிவிடுகிறது, விடை இன்னும் வெகு தொலைவில் இருக்கும்போதே. பக்கத்துக்கு N புள்ளிகள் என்றால் மீதமுள்ள பிழை, ஒரு சுற்றின் மாற்றத்தைப் போல ஏறக்குறைய N-இன் வர்க்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு மடங்கு. 100 கட்டத்தில் 2,000 மடங்கு. 2000 கட்டத்தில் 8 லட்சம் மடங்கு. மாற்றம் லட்சத்தில் ஒரு பங்கு டிகிரிதான் என்று நாம் நிறுத்தியபோது விடை எட்டு டிகிரி தள்ளியிருந்தது. மெதுவாக நடப்பவனை வந்து சேர்ந்துவிட்டான் என்று எண்ணிவிட்டோம். 100 சுற்றுகளுக்குச் சேர்த்துப் பார்த்ததால் நான் அறியாமலே சோதனை 100 மடங்கு கடுமையாகிவிட்டது, உண்மை வெளியே வந்தது.

இப்போது 400-ஐப் போட்டுப் பார். ஏறக்குறைய மூன்றில் ஒரு டிகிரி. நாம் சமர்ப்பித்த அறிக்கையில் "நூறில் ஒரு டிகிரிக்குச் சரி" என்று எழுதியிருக்கிறோம். அந்த வரி என் கையெழுத்தில் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு நாள் இரவு நீ ஆய்வுக்கூடத்தில் தங்கி 800 கட்டத்தை ஓட்டினாய். காலையில் வந்து, "நுணுக்கமாக்கினால் நடுப்புள்ளி ஒரு டிகிரி இறங்குகிறதடா, ஏன்?" என்று கேட்டாய். முழுத் தூக்கமில்லாத கண்கள் இன்னும் எனக்கு நினைவிருக்கின்றன. "தசமங்களை வெட்டுவதால் வரும் சிறு பிழை சேர்ந்துகொண்டே போகும், விடு" என்றேன். சமர்ப்பிக்க நான்கு நாள்தான் இருந்தது. நீ இரண்டு முறை கேட்டாய், இரண்டாம் முறை நான் குரலை உயர்த்தினேன். நீ விட்டுவிட்டாய். இன்று கணக்குப் போட்டால் 800-க்குப் பிழை 1.3 டிகிரி, 400-க்கு 0.3. வித்தியாசம் ஒரு டிகிரி. நீ சொன்ன அதே ஒரு டிகிரி. நீ சரியான கேள்வியைக் கேட்டாய், நான் அதை அமுக்கிவிட்டேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

பழைய கதை என்று விட்டுவிட முடியாது. நம் அறிக்கையின் அட்டவணையை வைத்துத்தான் அங்கே இன்றும் மாணவர்கள் தங்கள் நிரல்களைச் சரிபார்க்கிறார்கள் என்று பேராசிரியர் போன முறை பெருமையாகச் சொன்னார். சரியாக எழுதிய ஒரு பிள்ளை, விடை ஒத்துவரவில்லையே என்று தன் நிரலைக் கெடுத்துக்கொண்டிருந்தால்? அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. அவருக்குத் திருத்தக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்: எது தவறு, எவ்வளவு தவறு, சரியான எண்கள், 800 கட்டத்தில் இதை முதலில் கவனித்தவன் நீ என்பது. ஓய்வு பெற்ற மனிதரிடம் இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் நம்மிடமிருந்தே அவர் கேள்விப்படுவதுதான் முறை. அறிக்கையில் இருவர் பெயரும் இருப்பதால் உன் சம்மதம் இல்லாமல் அனுப்ப மாட்டேன்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 4000 கட்டத்தை ஜேக்கோபியால் ஓட்டப்போவதில்லை. பக்கம் இரட்டிப்பானால் சுற்றுகள் நான்கு மடங்காகும், கிளஸ்டரை எவ்வளவு பெருக்கினாலும் அந்த வர்க்கத்தை எட்டிப் பிடிக்க முடியாது. கான்ஜுகேட் கிரேடியன்ட் என்ற வேறொரு தீர்வு முறையை எழுதத் தொடங்கியிருக்கிறேன். அதில் சுற்றுகள் N-இன் அளவுக்குத்தான் வளரும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஊரைக் கூட்டும் கூட்டல்கள் இரண்டு உண்டு, மறுபடியும் காத்திருப்பு. அதை எப்படி மறைப்பது என்று உனக்கு ஏதாவது தோன்றும். இம்முறை நீ கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் உட்கார்ந்து கேட்பேன்.

நீல நோட்டு உன்னிடம்தானே இருக்கிறது? கடைசிப் பக்கங்களில் அந்த 800 ஓட்டத்தின் எண்ணை நீ பென்சிலால் குறித்திருப்பாய். தேடிப் பார்த்து, தேதியோடு எழுது. குறிப்பில் உன் பெயருக்குப் பக்கத்தில் அதைச் சேர்க்க வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
பழைய அறைத்தோழன்