மேட்டில் ஏறுகிறது, சமதரையில் தும்முகிறது

சேலம்
ஞாயிறு காலை

மாப்ளே,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. மூட்டு ஆபரேஷன் முடிந்து, கம்பு ஊன்றாமல் மொட்டைமாடி வரை ஏறினாய் என்ற இடத்தை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "அண்ணன் இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லுங்க" என்றாள் உன் தங்கை. சொல்லிவிட்டேன்.

பதில் தாமதமானதற்குக் காரணம் அம்பாசடர்தான். இன்னும் அதை விற்றுத் தொலைக்கவில்லையா என்று கேட்டிருந்தாய். விற்கவில்லை. ஆனால் இந்த மூன்று மாதத்தில் இரண்டு தடவை அந்த நினைப்பு வந்தது நிஜம். உன் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த வண்டி என்பதால்தான் கை வரவில்லை.

பொங்கல் கழிந்த வாரம் ஆரம்பித்தது. ஓமலூர் ரோட்டில் ஐம்பது, அறுபதில் போய்க்கொண்டிருந்தபோது திடீரென மிஸ்ஸிங். ஒரு தும்மல், இரண்டு உதறல், சைலன்சரில் ஒரு 'டப்'. அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. ஐந்து கிலோமீட்டர் கழித்து மறுபடியும். பாய் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினால் தாலாட்டுப் பாடுகிற மாதிரி ஐடிலிங். டாக்டர் வாசலை மிதித்ததும் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கிவிடுமே, அதே கதை.

பிளக் நான்கையும் மாற்றினேன், 25 தௌ (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி வைத்து. பொறிக்காகக் கரண்டை விட்டு விட்டு வெட்டுகிற பிளாட்டினம் முனையும் புதிது, 15 தௌ. பிளாட்டினம் கருகாமல் காக்கிற கண்டென்சரை ஒரு கடையில் புதிதாக வாங்கினேன், போட்ட மூன்றாம் நாளே செத்தது. எங்கிருந்தோ தேடிப் பிடித்த பழைய கண்டென்சர்தான் உழைத்தது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினோம், பில்டர் மாற்றினோம். ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்துவைத்து, பிளக் ஒயரில் எங்காவது நீலப்பொறி கசிகிறதா என்று குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. பணம் போனது, மிஸ்ஸிங் போகவில்லை. எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று உட்கார்ந்து யோசிக்காமல் சாமான்களை மாற்றிக்கொண்டே இருந்தது என் மடத்தனம்.

அப்புறம் ஒருநாள் ஏற்காடு போகவேண்டி வந்தது. இருபது கொண்டை ஊசி வளைவு, இரண்டாம் கியரில் மிதித்துக்கொண்டே ஏறினேன். ஒரு தும்மல் இல்லை! பெட்ரோல் சரியாக வராத வண்டி என்றால் மேட்டில்தானே முதலில் மூச்சு வாங்கும்? இறங்கும்போது காலை எடுத்தேன், அப்போதும் சுத்தம். கீழே வந்து, சமதரையில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து நிதானமாகப் போக ஆரம்பித்த உடனே 'டப்'. வண்டியை ஓரங்கட்டி ஒரு டீ சொன்னேன். பாதி டீயில்தான் உறைத்தது.

கார்புரேட்டரிலிருந்து, பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு மெல்லிய குழாய் போகுமே, வேக்குவம் குழாய். லேசாக மிதிக்கும்போதுதான் அதில் இழுப்பு அதிகம். அந்த இழுப்பு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பிளாட்டினம் உட்கார்ந்திருக்கும் தட்டைக் கொஞ்சம் திருப்பிவிடும், பொறி சற்று முன்னதாக விழுவதற்காக. முழுக்க மிதித்தால் இழுப்பு போய்விடும். காலை எடுத்தாலும் போய்விடும். ஐடிலிங்கிலும் கிடையாது. அதாவது என் வண்டி எங்கெல்லாம் ஒழுங்காக ஓடியதோ அங்கெல்லாம் அந்தத் தட்டு அசையாமல் இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக எஞ்சினை ஓடவிட்டு, குழாயை கார்புரேட்டர் பக்கம் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சினேன். முதல் தடவை எஞ்சின் சுதி கொஞ்சம் ஏறியது, அது நியாயம்தான். இரண்டாவது தடவை பலமாக இழுத்தேன். உதறிக்கொண்டு நின்றே போய்விட்டது. "பெட்ரோலையா குடிக்கிறீங்க?" என்று வாசலில் இருந்து ஒரு குரல். நான் சிரித்த சிரிப்பில் அவளுக்குச் சந்தேகம் உறுதியாகியிருக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பக்கவாட்டு முனையிலிருந்து பிளாட்டினத்துக்கு இரண்டு அங்குலத்தில் ஒரு ஒயர் வரும். மேலுறை பளிச்சென்று இருந்தது. விரலால் நெருடினால் நடுவில் ஒரு இடம் மட்டும் சோறு மாதிரி குழைந்தது. உறையைப் பிளேடால் கீறினேன். உள்ளே செம்பு மொத்தமும் அறுந்து, இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் நின்றது. தட்டு திரும்பினால் பிரியும், திரும்பி வந்தால் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் பட்டறையில் மீட்டர் வைத்துப் பார்த்தபோதெல்லாம் நல்ல பிள்ளையாகக் கரண்ட் காட்டியிருக்கிறது. எஞ்சின் 2000 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்கு 4000 பொறி. அத்தனைக்கும் வழி இந்த ஒரே ஒயர்தான். அந்த இடத்தில் துணி போல வளைகிற மெல்லிய ஒயர் இருக்க வேண்டும். முன்பு யாரோ வீட்டு ஒயரிங்குக்குப் போடும் விறைப்பான துண்டைப் பற்றவைத்திருக்கிறார்கள். நானே வைத்திருந்தாலும் வைத்திருப்பேன், ஞாபகம் இல்லை.

பாய் ஒரு காரியம் செய்தார். பழைய மீட்டரின் ஒயர் நல்ல நெளிவு என்று சொல்லி, அதில் ஒரு துண்டு வெட்டி, ஈயம் வைத்துப் பற்றிக் கொடுத்தார். கூலி கேட்டதற்கு, "மூணு மாசமா கண்டுபிடிக்காததுக்கு நான்தான் உங்களுக்குத் தரணும்" என்றார். பக்கத்துக் கடையில் பிரியாணி வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன். போன வாரம் மேட்டூர் அணை வரை போய் வந்தேன், சுதி பிசகவில்லை.

உன் பேத்தி கல்லூரியில் மெக்கானிக்கல்தான் எடுப்பேன் என்று அடம் பிடிப்பதாக எழுதியிருந்தாய். எடுக்கட்டும், தடுக்காதே. லீவில் இங்கே அனுப்பு, பாயிடம் பத்து நாள் உட்காரட்டும். கையில் கிரீஸ் ஒட்டினால் முகம் சுளிக்கிறாளா இல்லையா என்று அப்போது தெரிந்துவிடும்.

சித்திரையில் அம்பாசடரிலேயே திருநெல்வேலி வருகிறோம். உன் தங்கைக்கு ஏசி இல்லாதது மட்டும் குறை, அதிகாலையில் கிளம்பலாம் என்று சமாதானம் சொல்லியிருக்கிறேன். அறுந்த ஒயரை இந்தக் கடித உறைக்குள் வைத்திருக்கிறேன். பேத்தியிடம் கொடுத்து, கண்ணால் பார்த்து எங்கே அறுந்திருக்கிறது என்று சொல்லச் சொல். கீறிய பக்கத்தை டேப் ஒட்டி மறைத்திருக்கிறேன், நீ காட்டிக் கொடுக்காதே.

உன் பழைய கடைசி பெஞ்சுக்காரன்