கை தூக்கியவர்களுக்கும் தூக்காமலே வந்தவர்களுக்கும்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் எங்கள் ஊர் ஏரிக்கு வந்து நான்கு ஞாயிற்றுக்கிழமை மண் சுமந்த எல்லாருக்கும் நன்றி.

நாடாளுமன்றம் மாதிரியே ஊர்ப் பிள்ளைகள் நாங்கள் நடத்திய இளையோர் நாடாளுமன்றத்தில் சபாநாயகர் நான்தான். மேசை தட்டச் சுத்தியல் இல்லாததால் அம்மாவின் பித்தளைச் சொம்பு. ஏரிக்கு வரும் கால்வாயை நாமே தூர்வார வேண்டும் என்று ஆளுங்கட்சி, அது அரசாங்கத்தின் வேலை என்று எதிர்க்கட்சி, 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனபோதும் நம் ஏரி ஏன் பாதிதான் நிறைந்தது என்று ஒரே கூச்சல். கேள்வி நேரம் முடிந்து, அவசர விஷயங்களை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் ஒன்பதாம் வகுப்புப் பாப்பா எழுந்து, "அந்தக் கால்வாய் எங்க இருக்குன்னு யாராவது பாத்திருக்கீங்களா?" என்றது. ஒருத்தரும் பார்த்ததில்லை! முதல் நன்றி அதற்குத்தான்.

அடுத்து, ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டித் தாத்தாவுக்கு. சீமைக் கருவேல முள்ளுக்குள் எங்களுக்கு முன்னால் நடந்தவர், வெறும் தரை மாதிரி தெரிந்த ஓரிடத்தில் நின்று தடியால் இரண்டு தட்டு தட்டி, "இங்க தோண்டு" என்றார். முழங்கால் ஆழத்தில் கால்வாயின் கரைக்கல் வந்தது. அப்புறம் வரைபடத்தை விரித்து எல்லை காட்டிய கிராம நிர்வாக அலுவலருக்கும், அனுமதி தந்த ஊராட்சித் தலைவர் அம்மாவுக்கும் நன்றி.

தீர்மானத்துக்குக் கை தூக்குகிறவர் மண்வெட்டியும் தூக்க வேண்டும் என்று விதி சொன்னதும் பாதிக் கை இறங்கிவிட்டது, பெயர் சொல்லவில்லை. ஆனால் எதிர்த்து வாக்களித்த எதிர்க்கட்சித் தலைவர் தம்பி முதல் ஞாயிறே கடப்பாரையோடு வந்து நின்றான். வேலை செய்துகொண்டே சண்டையும் போட்டான்: நம் சபைத் தீர்மானத்தை யார் மதிப்பார்கள், கிராம சபைத் தீர்மானம்தான் செல்லும் என்று. சரி என்று அவனையே மனு எழுதச் சொன்னோம். மீதிக் கால்வாயை ஊராட்சியே எடுத்துச் செய்ய வேண்டும் என்று அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் பதிவாகிவிட்டது. தம்பி, நீ கட்சி மாறாமல் இருந்ததற்கு நன்றி.

நாலு வாரமும் கூழ் ஊற்றிய அக்காவை விட்டால் பாவம். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், அக்காவின் காரக்குழம்புக்குத் தனியாக ஒன்று கொடுக்கலாம்.

அம்மா, சொம்பு நெளிந்ததற்கு மன்னிப்பு. இன்னொன்று, மூன்று மண்வெட்டியும் மண் சுமக்கும் பாண்டுச் சட்டி ஒன்றும் எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடக்கின்றன, உரியவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.