‘எந்தக் கண்ணாடியும் போதும்’ என்று யார் சொன்னது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாகனச் சிறப்புப் பகுதியில் ஹெட்-அப் டிஸ்ப்ளே, அதாவது வேகம் போன்றவற்றை ஓட்டுநரின் கண்ணெதிரே எழுத்தாகக் காட்டும் வசதி, பற்றிய கட்டுரை கண்டேன். படங்கள் பிரமாதம். கூடவே ஒரு வரி: ‘எழுத்தைக் காட்டுவது உள்ளே இருக்கும் புரொஜெக்டர்தான், ஆகவே முன்கண்ணாடி உடைந்தால் எந்தக் கண்ணாடியையும் மாட்டிக்கொள்ளலாம்.’ அந்தப் பக்கத்தை போனில் படம் பிடித்துக்கொண்டு கடைக்கு வருகிறார்கள் ஐயா.

முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடி, நடுவில் பி.வி.பி. என்ற பிளாஸ்டிக் ஏடு. தாங்கள் அறியாததல்ல. சாதாரண வண்டியில் அந்த ஏடு மேலிருந்து கீழ்வரை ஒரே கனம், பெரும்பாலும் 0.76 மி.மீ. புரொஜெக்டரின் ஒளி உள்பரப்பில் பட்டு ஒருமுறை கண்ணுக்கு வரும். ஊடுருவிப் போனதில் கொஞ்சம் வெளிப்பரப்பில் பட்டு மறுபடியும் வரும். ஆக, ஒரு 60க்கு இரண்டு 60, ஒன்றின் தலையில் மற்றொன்று ஏறினாற்போல. ஹெட்-அப் டிஸ்ப்ளே வண்டிக்கென்று வரும் கண்ணாடியில் ஏடு கீழே மெலிந்து, மேலே தடித்து, ஆப்பு வடிவில் இருக்கும். கையால் தடவினால் தெரியாத சரிவு. அதுதான் இரண்டு பிம்பத்தையும் ஒன்றாக உட்கார வைக்கிறது. சாதாரணக் கண்ணாடியை மாட்டிவிட்டு மெனுவில் உயரத்தை மாற்றுங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள், சாஃப்ட்வேரையே புதிதாக ஏற்றுங்கள், அந்த இரண்டாவது பிம்பம் போகாது.

இதற்கு நேர்மாறான ஏமாற்றும் நடக்கிறது. 2022இல் வந்த பலேனோ போன்ற வண்டிகளில் பிம்பம் முன்கண்ணாடியில் விழுவதே இல்லை. டேஷ்போர்டிலிருந்து எழும்பும் சின்னத் தகட்டில்தான் விழுகிறது. அவற்றுக்கு ஆப்பு ஏடு தேவையில்லை. அங்கே ‘ஹெட்-அப் கண்ணாடி’ என்று கூடுதல் பணம் கேட்டால் அது பகல் கொள்ளை. கட்டுரையாளர் இரண்டையும் ஒரே படத்துக்குக் கீழே போட்டு ‘ஹோலோகிராம்’ என்று வேறு பெயர் சூட்டிவிட்டார். ஹோலோகிராமுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

‘விரைவில் முன்கண்ணாடி முழுவதும் ஓஎல்இடி (தானே ஒளிரும்) திரையாகும்’ என்று கட்டுரை சொன்ன ஆரூடத்துக்கு வருகிறேன். ஒளி ஊடுருவும் ஓஎல்இடி பலகைகள் சுமார் 40 முதல் 45 சதவீத வெளிச்சத்தைத்தான் விடுகின்றன. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதி முன்கண்ணாடிக்குக் கேட்பது 70 சதவீதம். சன் ஃபிலிம் ஒட்டியவர்களுக்கு இதே கணக்கை, முன்கண்ணாடிக்கு 70, பக்கக் கண்ணாடிக்கு 50 என்று, இரண்டு பக்கம் பாடம் நடத்திய இதழ்தானே தங்களுடையது? தவிர, கண்ணாடியிலேயே எழுத்து எரிந்தால் அது முகத்துக்கு ஒரு மீட்டருக்குள் நிற்கும். சாலையைப் பார்க்கும் கண் ஒவ்வொரு முறையும் கிட்டப் பார்வைக்குத் திரும்ப வேண்டும். புரொஜெக்டர் முறையில் பிம்பம் பானெட்டுக்கு மேலே, இரண்டு இரண்டரை மீட்டர் தள்ளி மிதப்பதுபோல் தெரியும். அந்தத் தூரத்துக்காகத்தான் டேஷ்போர்டில் உள்ள புரொஜெக்டர் குழிக்குள் வளைந்த ஆடியை வைத்து இத்தனை பாடுபடுகிறார்கள்.

அடுத்த பக்கத்தில் ‘கோடைக்கு ஏற்ற போலரைஸ்டு கூலிங் கிளாஸ்’! கண்ணாடியில் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக முனைவாக்கம் பெற்றது, அதாவது கிடைமட்டத் திசையில் மட்டுமே அதிர்வது. அந்த ஒளியை வெட்டுவதுதான் போலரைஸ்டு கண்ணாடியின் வேலையே. போட்டதும் வேகம் காட்டும் எண் மங்கும், சில வண்டிகளில் மறைந்தே போகும். தலையைத் தோள் பக்கம் சாய்த்தால் திரும்ப வரும். இதைப் ‘பழுது’ என்று சர்வீஸ் சென்டரில் விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. புரொஜெக்டர் குழியின் மேல் பிள்ளையாரை ஒட்டிவிட்டு எழுத்து பாதிதான் வருகிறது என்பவர்களும் உண்டு. அவர்களையாவது கட்டுரை காப்பாற்றியிருக்கலாம்.

ஹாலஜன் ரிஃப்ளெக்டரில் எல்இடி பல்பு மாட்டச் சொல்லி முன்பு தாங்கள் வெளியிட்ட ‘டிப்ஸ்’ பற்றியும் எழுதியிருந்தேன். ஹாலஜன் பல்பின் இழை நிற்கும் இடத்தை வைத்துத்தான் ரிஃப்ளெக்டரையே வளைக்கிறார்கள். ஒளி பிறக்கும் இடம் சற்றே நகர்ந்தாலும் எதிரே வருபவரின் கண்ணில்தான் அடிக்கும் என்று. அந்தக் கடிதம் குப்பைக் கூடையின் எந்த அடுக்கில் இருக்கிறதோ.

இந்த முறை நான் கேட்பது நான்கே வரித் திருத்தம். கண்ணாடி மாற்றும்முன் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து பார்ட் நம்பரைச் சரிபாருங்கள். ஒரே மாடலுக்கு மழை சென்சார், கேமரா, ஹெட்-அப் என்று நாலைந்து கண்ணாடி இருக்கும். அந்தப் பார்ட் நம்பரைப் பில்லில் எழுதி வாங்குங்கள். காப்பீட்டில் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது, மலிவானதற்குத் தலையாட்டாதீர்கள். வண்டியை எடுக்கும்முன் நிழலில் நிறுத்தி, வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, எண்ணின் விளிம்பு இரட்டையாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

ராசிபலனுக்குக் கீழே இடம் இருந்தாலும் போதும்.

இப்படிக்கு,
கார் கண்ணாடி பொருத்தும் தொழிலாளி,
கோவை.