ஒரே பில்லில் பொருந்தாத இரண்டு பொருட்கள்: கடை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் ஊழியர் என் மகளுக்கு எடுத்துக் கொடுத்த இரண்டு கம்ப்யூட்டர் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்ற என் புகார் ஏற்கெனவே உங்கள் பார்வைக்கு வந்திருக்கும். கவுன்ட்டரில் இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன், மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் வந்த பதில் ஒன்றுதான்: "சீல் பிரித்த பொருளைத் திரும்பப் பெற இயலாது." ஆகவே முழுக் கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. இந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் பேச அனுமதியுங்கள்.

என் மகள் தன் கையால் அசெம்பிள் செய்ய இருந்த முதல் கம்ப்யூட்டர் அது. பல மாதம் சேர்த்த பணம். நானும் கூட வந்திருக்கலாம். அவளே கேட்டு, பார்த்து வாங்கட்டும் என்றுதான் தனியாக அனுப்பினேன். உங்கள் ஊழியர் எடுத்துக் கொடுத்த மதர்போர்டு, அதாவது பாகங்களைச் செருகும் முதன்மைப் பலகை, டிடிஆர்4 வகை ரேமுக்கு (நினைவகத்துக்கு) ஆனது. அவரே எடுத்துக் கொடுத்த ரேம் அதற்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5. "இது பொருந்துமா?" என்று அவள் கேட்டிருக்கிறாள். "புது பிராசஸர்மா, புது ரேம்தான் போடணும்" என்று பதில் வந்திருக்கிறது.

டிடிஆர்5 மட்டுமே ஏற்கும் ஏஎம்5 சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) உள்ள, ஏஎம்டி பிராசஸர்களுக்கான போர்டாக இருந்தால் அந்தப் பதில் சரி. அவள் வாங்கியது இன்டெல் பிராசஸர்களுக்கான எல்ஜிஏ1700 சாக்கெட் போர்டு. 2021 இறுதியில் வந்த 12ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸர்களும், அதே சாக்கெட்டில் உட்காரும் 13, 14ஆம் தலைமுறைகளும் இரண்டு வகை ரேமையும் ஏற்கும். எந்த ரேம் என்பதைத் தீர்மானிப்பது மதர்போர்டு. ஒரே போர்டு கிட்டத்தட்ட ஒரே பெயரில் இரண்டு வகையாகவும் வருகிறது. பொருட்களை நாள் முழுதும் கையாளும் உங்கள் ஊழியருக்கே இது குழப்பம் என்றால், முதன்முறை வாங்க வருபவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

அன்று இரவு அவள் ரேமைச் செருகப் பார்த்தாள். இரண்டு வகைக்கும் 288 பின்கள்தான், நீளமும் ஒன்றுபோலவே இருக்கும். நடுவில் உள்ள வெட்டு மட்டும் சற்றுத் தள்ளியிருக்கும். டிடிஆர்4 1.2 வோல்ட்டில் ஓடுவது, டிடிஆர்5 1.1 வோல்ட்டில், மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். அது அவளுக்குத் தெரியாது. திருப்பி வைத்துப் பார்த்திருக்கிறாள், கொஞ்சம் அழுத்தியும் பார்த்திருக்கிறாள். பிறகு என் அறைக்கு வந்து, "அப்பா, நான் ஏதாவது உடைச்சிட்டேனா?" என்று கேட்டாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது. தவறு தன்னுடையது என்றே நம்பினாள். மறுநாள் உங்கள் கவுன்ட்டரிலும், "வாங்கும்போதே பார்த்திருக்கணும்" என்று அதையேதான் சொன்னார்கள். அவள் பார்க்காமலா வாங்கினாள்? கேட்டுத்தானே வாங்கினாள்!

சீல் பிரிக்காமல் ஒரு ரேமைப் பொருத்திப் பார்க்க வழியே இல்லை. பொருந்தாத இரண்டும் உங்கள் ஒரே பில்லில், அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன. அப்படியிருக்க, நீங்கள் கொடுத்த பொருளைத் திரும்பப் பெறுவதில் என்ன தடை?

என் கோரிக்கை பெரிதல்ல. ரேம், போர்டு, பிராசஸர் ஒவ்வொன்றின் விலைச்சீட்டிலும் எதோடு எது பொருந்தும் என்பதை அச்சிடுங்கள். சாக்கெட் எது, ரேம் வகை எது, இரண்டே வரி போதும்.

புகார் கொடுக்க நின்ற அன்றே இன்னொன்றும் பார்த்தேன். திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டு எதுவும் வாங்காத ஒருவரிடம், விலை குறைவு என்று, பெயரின் கடைசியில் 'எஃப்' உள்ள இன்டெல் பிராசஸரைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாமல் திரையில் எதுவும் தெரியாது. நான் குறுக்கிட்டுச் சொன்னதால் அவர் தப்பினார். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி அலமாரியிலும் இதே நிலைமை. எம்.2 என்று அதன் வடிவத்தை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அதே அளவில், அதே தோற்றத்தில் போர்டோடு பேசும் முறை வேறான சாட்டா வகையும் உண்டு, என்விஎம்இ வகையும் உண்டு. பழைய போர்டுகளில் பல, இரண்டில் ஒன்றைத்தான் ஏற்கும். ஆனால் கூடுதல் வாரண்டி வாங்கச் சொல்லும் அட்டை மட்டும் அலமாரிதோறும் பெரிய எழுத்தில் தொங்குகிறது. அந்த அக்கறையில் பாதியாவது பொருத்தத் தகவலுக்கு இருந்திருந்தால் என் மகள் அன்று இரவு அழுதிருக்க மாட்டாள். கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊழியர் மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம். டிவி பிரிவிலிருந்து அன்றுதான் அங்கே மாற்றிவிட்டார்களாம், அவரே சொன்னார். பயிற்சி கொடுக்காமல் அவரை அங்கே நிறுத்தியது அவர் குற்றமல்ல.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். விலைச்சீட்டில் பொருத்தத் தகவலை அச்சிடுங்கள். உங்கள் ஊழியர் சொல்லி வாங்கிய பொருள் பொருந்தாவிட்டால், சீல் பிரித்திருந்தாலும் மாற்றிக் கொடுங்கள். ரேமும் அதன் உறையும் பில்லும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. எந்த நாள் கொண்டு வரலாம் என்று மட்டும் தெரிவியுங்கள். இம்முறை என் மகளும் கூட வருவாள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்