கிணற்று மேட்டில் எந்த இடம்?

நாரிச், இங்கிலாந்து, நவம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

பணம் அனுப்பிவிட்டேன், வந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே இப்போது நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. குளிர் பழகிவிட்டது, இந்த இருட்டுதான் இன்னும் பழகவில்லை. முதியோர் இல்லத்து வேலை எப்போதும் போலத்தான். சரி, அதை விடுங்கள். இந்தக் கடிதம் ஒரு கல்லைப் பற்றி.

என்னோடு வேலை பார்க்கும் ஓர் அம்மாவின் வீட்டுக்காரர் விவசாயி. போன மாதம் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். உழுது போட்ட காட்டோரமாக நடந்தேன். மழையில் மண் கழுவி, கல்லெல்லாம் மேலே தெரிந்தது. இந்த ஊர் மண்ணில் சிக்கிமுக்கிக் கல் இறைந்து கிடக்கும். நாங்கள் இருட்டில் உரசிப் பொறி பார்ப்போமே, அந்த வெங்கச்சாங்கல் இல்லை. இது சுண்ணாம்புப் பாறைக்குள் விளைவது, உடைத்தால் கறுப்புக் கண்ணாடி மாதிரி இருக்கும். பழைய சர்ச் சுவர்களைக்கூட இதை வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு கல் என் கட்டைவிரலுக்கு வாகாக உட்கார்ந்தது. ஒரு முகம் வழவழப்பு, விளிம்பு மட்டும் எலி கொறித்தது போல.

அந்த அம்மா சொல்லித்தான் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனேன். பொதுமக்கள் கண்டெடுப்பதைப் பதிவு செய்வதற்கென்றே இங்கே அலுவலர்கள் இருக்கிறார்கள். 1997ல் தொடங்கிய ஏற்பாடு, இதுவரை 15 லட்சத்துக்கும் மேல் பதிந்திருக்கிறார்களாம். அங்கிருந்த அலுவலரின் முதல் கேள்வியே "எங்கே எடுத்தீர்கள்?" என்பதுதான். "காட்டோரம்" என்றேன். எந்தக் காடு, எந்த மூலை என்று வரைபடத்தை விரித்து என்னையே விரல் வைக்கச் சொன்னார். அப்புறம்தான் கல்லைக் கையில் வாங்கினார். அடி விழுந்த இடத்தில் சின்னப் புடைப்பு, அதிலிருந்து கண்மாயில் கல் எறிந்தால் விரியும் அலை மாதிரி வளையங்கள். மனிதன் அடித்ததற்கு அதுதான் அடையாளமாம். தோல் சுரண்டுகிற கருவி, 4,000 வருஷத்துக்குக் குறையாது என்றார். எடை போட்டு, அளந்து, படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்! தங்கம், வெள்ளி மாதிரிப் புதையல் என்றால்தான் சட்டப்படி அறிவிக்க வேண்டும். தனிக் கல் நிலத்துக்காரருக்குச் சொந்தம். அவரோ, "வண்டி வண்டியாகக் கிடக்கிறது, நீயே வைத்துக்கொள்" என்று சிரிக்கிறார்.

தமிழ்நாடு என்றதும் அந்த அலுவலர் பல்லாவரத்தைச் சொன்னார். 1863ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் அங்கே ஒரு கற்கோடரியை எடுத்தாராம். நான் நர்சிங் படிக்கும்போது தினமும் ரயிலில் தாண்டிப் போன ஊர். வெட்கமாகிவிட்டது.

கோடையில் கிரைம்ஸ் கிரேவ்ஸ் என்ற இடத்துக்குப் போயிருந்தேன். சிக்கிமுக்கிக் கல்லுக்காகக் கற்காலத்தில் வெட்டிய சுரங்கக் குழிகள், 400க்கும் மேல். மான் கொம்புதான் அவர்களுக்குக் கடப்பாரை. குழிக்குள் இறங்கும்போது உங்கள் நினைப்புத்தான், நம் கிணறும்.

நான் ஆறாவது படிக்கும்போது கிணறு வெட்டியதில் முதுமக்கள் தாழி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? புதையல் என்று ஆட்கள் உடைத்துப் பார்த்தால் மண்ணும் எலும்பும். அப்பத்தா பயந்துபோய்ச் சூடம் கொளுத்தி, எல்லாவற்றையும் கண்மாயில் போடச் சொல்லிவிட்டது. கல்லுப்பட்டியில் தொல்லியல் துறை தோண்டிப் பார்த்திருக்கிறது. நம் காடு அங்கிருந்து எவ்வளவு தூரம்? 1878ஆம் வருஷத்துச் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டுமாம். உடைந்த பானைக்கு யார் பத்து ரூபாய் மதிப்புப் போட்டிருப்பார்கள்?

இப்போது ஓர் உதவி வேண்டும். அந்தத் தாழி எந்த இடத்தில் வந்தது, வேப்பமரத்துப் பக்கமா, பம்புசெட் பக்கமா, எத்தனை அடியில் என்று நினைவுள்ளதை ஒரு தாளில் எழுதிவையுங்கள். வெட்ட வந்தவர்களில் யாராவது ஊரில் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். நீங்கள் எடுத்துவைத்த சின்னக் கலயம், உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக இருக்குமே, அதைத் தேய்த்துக் கழுவ வேண்டாம். தம்பி கீழடி அருங்காட்சியகத்துக்குப் போய், படத்தையும் தாளையும் காட்டிக் கேட்கட்டும்.

அம்மா அந்தக் கலயத்தில் வெண்டை விதை போட்டுவைத்திருந்தால் வேறு டப்பாவுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
செல்வி